பிழை எத்தனை மணிக்கு வருகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு மின்னணுத் தராசு பழுது பார்ப்பது என் தொழில். தராசு தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது அழைத்தால் எத்தனை மில்லிகிராம் தப்பு என்று நான் முதலில் கேட்பதில்லை. எப்போது தப்பு என்றுதான் கேட்பேன். காலையில் சரியாக இருந்து, பக்கத்தில் உலை மூட்டியதும் கெடுகிறது என்றால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தராசை நகர்த்தி வைத்தால் போதும்.

கோரிமேட்டில் உள்ள என் வீட்டு மொட்டை மாடியில் பதினோரு ஆண்டுகளாக வினாடியை அளந்துகொண்டிருக்கிறேன். அங்கேயும் கைகொடுப்பது இதே கேள்விதான். என்னிடம் இருப்பவை: ஜி.பி.எஸ். துடிப்பைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் 10 மெகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், அதாவது சீராகத் துடிக்கும் படிகக் கருவி, ஒன்று (இனி இதை ஜி.பி.எஸ். பெட்டி என்கிறேன்), தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து கழித்துப் போட்ட ரூபிடியம் அணுக் கடிகாரம் ஒன்று, துடிப்புகளை எண்ணி அதிர்வெண் காட்டும் பழைய கவுன்ட்டர் ஒன்று, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று. இதே சாமான்களோடு தொடங்கி, எண்கள் ஏன் ஆடுகின்றன என்று தெரியாமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் பதிவு எடுங்கள். ஜி.பி.எஸ். துடிப்புக்கும் உங்கள் ஆஸிலேட்டருக்கும் உள்ள நேர வித்தியாசத்தை வினாடிக்கு ஒன்றாகவும், அறை வெப்பத்தை நிமிடத்துக்கு ஒன்றாகவும் பதிவு செய்யுங்கள். பிறகு பிழை எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் அதே மணிக்கு வந்தால் சூடு, அல்லது வீட்டில் உள்ளவர்கள். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி முந்தி வந்தால் செயற்கைக்கோள். சில மாதங்களில், இருட்டிய பிறகு மட்டும் வந்தால் மேல்வானம். ஒழுங்கே இல்லாமல் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டர்.

கவுன்ட்டர் 10,000,000.000 என்று ஆணி அடித்தாற்போல் நிற்கிறது

மகிழ்ச்சி அடைய வேண்டாம். அளக்கும் ஆஸிலேட்டரையே கவுன்ட்டரின் பின்பக்க ரெஃபரன்ஸாகவும், அதாவது ஒப்பிடும் அளவுகோலாகவும், செருகியிருக்கிறீர்கள். எடைக்கல்லை அதே எடைக்கல்லால் நிறுத்தால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ரெஃபரன்ஸ் கேபிளைப் பிடுங்குங்கள்; எண் உடனே சில இலக்கங்கள் நகர்ந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டு தனித்தனி மூலங்களை ஒப்பிடும்போது நல்ல கவுன்ட்டரில் கடைசி இலக்கம் ஆடத்தான் வேண்டும்.

வினாடிக்கு ஒரு துடிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று எண்ணுகிறது

துடிப்பு கேபிளின் மறுமுனையில் மோதித் திரும்பி வருகிறது. கவுன்ட்டர் அந்த எதிரொலியையும் எண்ணுகிறது. கவுன்ட்டரின் நுழைவை 50 ஓமுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் பி.என்.சி. 'டி' இணைப்பில் 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைச் செருகுங்கள். கவுன்ட்டர் எந்த வோல்ட்டேஜில் எண்ண வேண்டும் என்று சொல்லும் டிரிக்கர் அளவைத் துடிப்பின் பாதி உயரத்தில் வையுங்கள். சிறு ரிசீவர் பலகைகள் 50 ஓமை நேராக ஓட்டத் திணறும்; இடையில் துடிப்புக்கு வலுவூட்டும் பஃபர் ஐ.சி. ஒன்று போட வேண்டிவரும்.

கேபிள் டி.வி.க்காரர் விட்டுப்போன 75 ஓம் கம்பியை ஆன்டெனாவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனால் பெரிய கேடு இல்லை. அதன் தாமதத்தை மட்டும் கணக்கில் சேருங்கள். நுரை உள்ள ஆர்.ஜி.-6 கம்பியில் மீட்டருக்கு நான்கு நானோ வினாடிக்குச் சற்று மேல், ஆர்.ஜி.-58 கம்பியில் ஐந்து. என் வீட்டு 25 மீட்டருக்கு ஏறக்குறைய நூறு நானோ வினாடி. அது மாறாத தாமதம் என்பதால் ரிசீவரில் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

நேரம் ஓர் 'அழகான' எண்ணால் தப்பாக இருக்கிறது

இதில் கருவி பழுது என்று பொருளே இல்லை. யாரோ ஏதோ ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தப்பின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஐந்தரை மணி நேரம் என்றால் இந்திய நேரத்துக்கு மாற்றவில்லை. 18 வினாடி என்றால் ரிசீவர் ஜி.பி.எஸ். நேரத்தைத் தருகிறது. ஜி.பி.எஸ். நேரம் 1980 ஜனவரி 6 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்த்த லீப் வினாடிகள் எதையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசி லீப் வினாடி 2016 டிசம்பர் 31 முடிவில் சேர்ந்தது; அதிலிருந்து வித்தியாசம் 18. தப்பு ஒன்று, இரண்டு அல்லது மூன்று வினாடி, ரிசீவரை இப்போதுதான் இயக்கினீர்கள் என்றால், பெட்டி செய்த காலத்து லீப் எண்ணிக்கையோடு அது விழித்திருக்கிறது. செயற்கைக்கோள் தன் முழுச் செய்தியையும் ஒருமுறை சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை காத்திருங்கள், தானாகச் சரியாகும்.

மிகச் சரியாக 100 மில்லி வினாடி தப்பு என்றால் துடிப்பின் ஏறும் விளிம்புக்குப் பதில் இறங்கும் விளிம்பைப் படிக்கிறீர்கள். பல சிறு ரிசீவர்களில் துடிப்பின் அகலம் 100 மில்லி வினாடி. இதற்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தேன். பரிகாரம் அமைப்புக் கோப்பில் ஒரே ஓர் எழுத்து. சரியாக ஒரு வினாடி தப்பு என்றால் 9600 பாட் வேகத்தில் வரும் நேரச் செய்தி அடுத்த துடிப்புக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறது. தேவையற்ற வரிகளை நிறுத்துங்கள். மில்லி வினாடிக் கணக்கில் தள்ளாடினால் துடிப்பை யு.எஸ்.பி. வழியாக எடுக்கிறீர்கள், ராஸ்பெர்ரி பையின் முள்ளில் நேராகக் கொடுங்கள்.

தேதி 7,168 நாள் பின்னால் போய்விட்டதா? ஜி.பி.எஸ். வாரத்தைப் பத்து பிட்டில் எண்ணுகிறது. 1,024 வாரம் ஆனதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் சொந்தத் தொடக்க வாரத்தைப் பொறுத்து, அந்தத் தேதிகளில் இல்லாமல் வேறொரு நாளிலும் பெட்டி பின்னோக்கித் தாவலாம். இதற்குப் பயந்து பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பழைய சாமான் கடையில் அதை வாங்கியவன் நான். தேதிதான் பொய், 10 மெகா ஹெர்ட்ஸும் துடிப்பும் அப்படியே மெய்.

இன்னும் ஒன்று. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கம்பு நட்டு நிழல் பார்ப்பார். "தம்பி, உன் பெட்டி பதினேழு நிமிடம் வேகமாகப் போகிறது" என்றார். இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியது, சேலம் 78.15 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 17 நிமிடம் 24 வினாடி. அதோடு சூரியனின் சொந்த ஏற்றத்தாழ்வும் சேரும்: நவம்பர் முதல் வாரத்தில் நம் உச்சிவேளை 12 மணி 1 நிமிடத்துக்கு, பிப்ரவரி நடுவில் 12 மணி 31 நிமிடத்துக்கு. ஆக, ஐயா சொன்னதும் சரி, பெட்டியும் சரி.

சுவர்க் கடிகாரம் சேலத்திலும் மெதுவாகப் போகிறது, ஏற்காட்டிலும் மெதுவாகப் போகிறது

பேட்டரி காரணம் இல்லை. குவார்ட்ஸ் கடிகாரத்தில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில்தான் மிக வேகமாகத் துடிக்கும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். சேலத்து மே மாத 40 டிகிரியில் நாளுக்கு அரை வினாடிக்கு மேல் பின்தங்கும். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் 12 டிகிரியிலும் கிட்டத்தட்ட அரை வினாடி. கைக்கடிகாரத்தைக் கட்டியபடியே இருந்தால் உடம்புச் சூடு அதைச் சீராக வைத்திருக்கும்.

பிளக்கில் செருகும் மலிவு அலாரம் கடிகாரம் சில வாரங்களில் நாளுக்கு ஒரு நிமிடம் வரை தவறினால் அது மின்சாரத்தின் 50 சுழற்சியை எண்ணுகிறது. சராசரி 49.97 ஹெர்ட்ஸ் என்றால் நாளுக்கு 52 வினாடி போய்விடும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்ததிலிருந்து, சேலத்துச் சுவர்ப் பிளக்கில் வரும் அதிர்வெண்ணும் டெல்லியில் வருவதும் ஒன்றே. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை அளந்து பழகலாம். ஆனால் பிளக் பக்கம் கை வைக்க வேண்டாம், தனிமைப்படுத்திய சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அதிர்வெண் ஓடுகிறது, இரவில் திரும்புகிறது

ஜி.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் படிகம் ஒரு குட்டி அடுப்புக்குள் இருக்கிறது. அடுப்பு ஏறக்குறைய 80 டிகிரியில் நிற்கும். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சமாளிக்கும். வெளியே சூடானால்தான் சிக்கல், ஏனென்றால் அடுப்புக்குச் சூடாக்கத் தெரியுமே தவிர ஆற்றத் தெரியாது. சித்திரை வெயிலில் காங்கிரீட் கூரைக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள், பவர் சப்ளையோடு ஒட்டி வைத்தால் பெட்டியின் உள்வெப்பம் அறுபதைத் தாண்டிவிடும். அடுப்பு இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள்: அது பூஜ்யத்தை நெருங்கினால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது. பவர் சப்ளையை வெளியே எடுங்கள், அலமாரிக் கதவைத் திறங்கள்.

மின்னோட்டம் நன்றாக இருந்தும் சிறு அலை ஒன்று ஓடுகிறது என்றால் மின்விசிறியைப் பாருங்கள். நேர வித்தியாசப் பதிவிலிருந்து, எத்தனை வினாடிச் சராசரியில் அதிர்வெண் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் ஆலன் விலகல் வரைபடம் போட்டால் அந்த அலை ஒரு திமிலாகத் தெரியும். அலையின் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே திமில் நிற்கும். 24 மணி நேர அலைக்கு 32,000 வினாடி அருகில். டேவிட் ஆலன் 1966-இல் எழுதிய இந்த அளவை இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கில் யாரோடும் பேச முடியாது.

தெர்மகோல் சுற்றுவதை நான் விரும்புவதில்லை; அது சூட்டை அடைத்து வைக்கும். தேவை, சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதுதான். எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மிக்ஸி வந்த நாளிலிருந்து சும்மா கிடந்தது பாட்டி காலத்து ஆட்டுக்கல். அதன் குழிக்குள் ஆஸிலேட்டரை இறக்கி, கேபிள்களைக் குழவி நுழையும் வாய் வழியாக எடுத்து, மேலே ஒரு பலகையைச் சாய்த்தேன். விசிறி போட்டாலும் நிறுத்தினாலும் இப்போது அதற்குத் தெரிவதில்லை. அந்தக் கல் ஒரு பகலின் வெயிலை நள்ளிரவில்தான் உள்ளே சொல்லுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒற்றை அதிர்வெண் ரிசீவரில் அயனி மண்டலத்தின், அதாவது மேல்வானத்தில் மின்துகள்கள் நிறைந்த அடுக்கின், தாமதமும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டித்தான் உச்சத்தைத் தொடும். இரண்டும் சூரியனின் பிள்ளைகள், மணி ஒன்றே. எப்படிப் பிரிப்பது? ஆடி மாதத்தில் மேகம் மூடிய ஒரு நாளுக்குக் காத்திருங்கள். மேகம் அறையைக் குளிர்விக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தை அதனால் தொட முடியாது. மேக நாளிலும் பிற்பகல் மேடு அப்படியே இருந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

தினமும் வருகிறது, ஆனால் நான்கு நிமிடம் முந்தி வருகிறது

எனக்கு மிகப் பிடித்த அறிகுறி இதுதான். முதல் ஆண்டு கார்த்திகையில் ஒவ்வொரு காலையும் பதினோரு மணி வாக்கில் துடிப்பு முப்பது நானோ வினாடி தாவி, அரை மணி நேரம் கழித்துத் திரும்பியது. வெயில் ஏறுவதால் என்று நினைத்து விசிறி, ஜன்னல், திரை எல்லாவற்றையும் மாற்றினேன். மாதம் ஒன்று போனபின் பதிவைப் பார்த்தால் அதே தாவல் ஒன்பது மணிக்கு வந்திருந்தது. வெயில் இரண்டு மணி நேரம் முந்தி வராது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தின் அதே பாதையில் திரும்ப வருகின்றன. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னால் உதிப்பதும் இதே கணக்குதான். எனவே பிழை மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தினால், வானத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒரு குறிப்பிட்ட செயற்கைக்கோள் கடக்கும்போது ஏதோ நடக்கிறது. எந்த எண்ணுள்ள செயற்கைக்கோள், எந்தத் திசை, எத்தனை பாகை உயரம் என்று ரிசீவரே சொல்லும். நான் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் நின்று அந்தத் திசையில் கையை நீட்டினேன். விரல் நுனி நேராகப் பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையைக் காட்டியது. அலை நேராகவும் வருகிறது, தகரத்தில் பட்டும் வருகிறது. இரண்டும் கலந்தால் ரிசீவர் குழம்புகிறது.

பரிகாரம்: ஆன்டெனாவை மாடியிலேயே உயரமான இடத்தில், தண்ணீர்த் தொட்டியைவிட மேலே நிறுத்துங்கள். நிறைந்த தொட்டி ஒரு சுவருக்குச் சமம். பிறகு ரிசீவரில் தாழ்வான செயற்கைக்கோள்களைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள். நான் 20 பாகையில் வைத்திருக்கிறேன்.

இந்தச் சோதனைக்கு முன் ரிசீவரை ஜி.பி.எஸ். மட்டும் என்று மாற்றுவது முக்கியம். ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களின் பாதை எட்டு நாளுக்கு ஒருமுறையும், ஐரோப்பாவின் கலிலியோ பத்து நாளுக்கு ஒருமுறையும்தான் திரும்பும். எல்லாம் கலந்திருந்தால் நான்கு நிமிடக் கணக்கு கண்ணில் படாது.

இருட்டிய பிறகு, பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதற்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. அவர்கள் வானம் வேறு, நம் வானம் வேறு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவத் தொடங்கியதற்கே அதுதான் காரணம். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டுக்கு மேலே அயனி மண்டலத்தில் மின்துகள் குறைந்த குமிழிகள் கிளம்பி உயர்ந்து, வடக்கிலும் தெற்கிலும் விரியும். அவற்றின் ஊடாக வரும் ஜி.பி.எஸ். அலை, அடுப்பு அனலுக்கு மேலே தெரியும் எதிர்ச்சுவர் போல நெளியும். சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில், அதுவும் சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், ஏழரை மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம்.

அடையாளம் காண ரிசீவரின் சிக்னல் வலிமைப் பட்டியலை விடாமல் பாருங்கள். கேபிள் பழுதென்றால் எல்லாச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து இறங்கும். குமிழி என்றால் வானத்தின் ஒரு பக்கத்தில் உள்ள இரண்டோ மூன்றோ மட்டும் பத்து டெசிபலுக்கு மேலும் ஏறி இறங்கும். மற்றவை சலனமில்லாமல் இருக்கும். அரை மணியில் அந்த ஆட்டம் கிழக்கே நகர்ந்து வேறு இரண்டைப் பிடிக்கும். ஒரு சித்திரை இரவில், மேகமே இல்லாத வானத்தில், தெற்கே இருந்த மூன்று எண்கள் 44, 33, 41, 30 என்று தாயக்கட்டை போல விழுந்துகொண்டிருந்ததை மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே எல்லாம் அமைதி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதற்குப் பழுது நீக்க ஒன்றும் இல்லை. ஆன்டெனாவை மாற்றாதீர்கள், காசு வீண். பெட்டியின் திருத்த வேகத்தைக் குறைத்து வையுங்கள். அதாவது நூறு வினாடிக்கு ஒருமுறை துடிப்பை நம்புவதற்குப் பதில் ஆயிரம் வினாடிச் சராசரியை நம்பட்டும். உள்ளே இருக்கும் படிகம் நல்லதென்றால் அந்த மூன்று நான்கு மணி நேரத்தை அது தாங்கிக்கொள்ளும். இரண்டு அதிர்வெண் ரிசீவர் வாங்கினால் பிற்பகல் மேடு பெரும்பாலும் மறையும்; ஆனால் இந்த இரவு நெளிவு மறையாது.

ஒன்று விட்டு ஒரு நாள், விடியற்காலை 5.40

எந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் ஒன்று விட்டு ஒரு நாள் சுற்றுவதில்லை. இரண்டு வாரம் மண்டையைக் குடைந்த பிறகு அம்மா சொன்னார்: "இன்றைக்குத் தண்ணீர் வரும் நாள்." எங்கள் தெருவுக்குக் குடிநீர் வரும் நாளில் அவர் எழுந்து மோட்டார் போடுகிறார், விளக்கு ஒரு கணம் மங்குகிறது, கவுன்ட்டர் ஒரு பொய்த் துடிப்பை எண்ணுகிறது. ஜி.பி.எஸ். பெட்டிக்கும் கவுன்ட்டரின் ரெஃபரன்ஸுக்கும் 12 வோல்ட் பேட்டரி வழியாக மின்சாரம் கொடுத்தேன். சார்ஜர் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், பெட்டி பேட்டரியிலிருந்து குடிக்கும். பொய்த் துடிப்பு நின்றது. வீட்டு இன்வெர்ட்டர் இந்த வேலைக்கு ஆகாது; அது மாறும் அந்தக் கண நேரமே நமக்கு ஒரு யுகம்.

மின் தடைக்குப் பிறகு பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் எண்கள் சரியில்லை

பச்சை விளக்கு என்பதற்குச் செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது என்று மட்டுமே பொருள். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தினால், குளிர்ந்த படிகம் மறுபடி சூடானதும் பழைய அதிர்வெண்ணுக்கு வராது. பக்கத்தில் எங்கோ வந்து நின்று, பல மணி நேரம், சில சமயம் பல நாள், ஊர்ந்து ஊர்ந்து போகும். அன்றைய பதிவைத் தூக்கிப் போடுங்கள். மறுநாளிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோனதும் எல்லாம் மாறிவிட்டது

மாமனார் வீடு ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே வரும் பழுதுகளுக்குத் தனிக் குணம்.

துடிப்பு மைக்ரோ வினாடிக் கணக்கில் அங்கும் இங்கும் குதித்தால், ரிசீவர் இன்னும் கோரிமேட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. நிலையான இடத்தில் வைத்துப் பயன்படுத்தும் ரிசீவர் தன் இடத்தை ஒருமுறை அளந்து சேமித்து வைக்கும். இடத்தில் ஒரு மீட்டர் தப்பு 3.3 நானோ வினாடி வரை தப்பாகும். உயரத்தில் மட்டும் 1,200 மீட்டருக்கு மேல் தப்பு என்றால் நான்கு மைக்ரோ வினாடி. பழைய இடத்தை அழித்துவிட்டு, 24 மணி நேரம் புதிதாக அளக்கவிடுங்கள்.

மழை விட்ட பிறகும் சிக்னல் பலவீனமாக இருந்தால் மேலே சில்வர் ஓக் மரத்தைப் பாருங்கள். மிளகுக்கொடி ஏறிய ஈர இலைகள் 1,575 மெகா ஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். வெயில் வந்து இலை காய்ந்ததும் திரும்பிவிடும். காய்ந்த பிறகும் திரும்பவில்லை என்றால் கனெக்டருக்குள் மூடுபனி புகுந்திருக்கிறது. கழற்றினால் நடுமுள் பச்சை பூத்திருக்கும்; வெட்டி எறிந்து புதிதாகப் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். ஒழுங்கே இல்லாமல், பகலில் மட்டும், சில வினாடி அறுந்து அறுந்து வந்தால் குரங்கு. நான் ஆன்டெனாவை இரும்புக் குழாயின் உச்சியில் வைத்து, கேபிளைக் குழாய்க்குள்ளேயே இறக்கிவிட்டேன். இடி இடிக்கும் மாதங்களில் அதற்கு மின்னல் தடுப்பானும் தரை இணைப்பும் கட்டாயம். இதில் சிக்கனம் பார்த்தால் வீடே போகும்.

கடைசியாக ரூபிடியம். உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் சொன்னது. சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசத்துக்கு நாளொன்றுக்கு 12 நானோ வினாடி கூடுதலாக ஓட வேண்டும். 2005-இல் அமெரிக்காவில் ஒருவர் மூன்று சீசியம் அணுக் கடிகாரங்களையும் தன் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றி ரெய்னியர் மலைக்குப் போய், ஒரு வார இறுதியில் இருபது நானோ வினாடிக்கு மேல் கூடியதை அளந்து காட்டினார். எனக்கும் ஆசை வந்தது. பேட்டரியோடு சேர்த்து ரூபிடியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினேன். மறுநாள் பார்த்தால் நாளுக்கு 900 நானோ வினாடி கூடியிருந்தது. ஐன்ஸ்டீன் கேட்டதற்கு எழுபத்தைந்து மடங்கு.

கையில் இருந்த உற்சாகம் இரவுச் சாப்பாட்டுக்குள் வடிந்தது. ரூபிடியம் ஆவி ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் வேறொரு வாயுவோடு இருக்கிறது. மலைமேல் காற்றழுத்தம் 130 மில்லிபார் அளவுக்குக் குறைவு. குப்பியின் சுவர் மயிரிழையிலும் மெல்லிய அளவில் வெளியே உப்புகிறது, உள்ளே அழுத்தம் மாறுகிறது, அதிர்வெண்ணும் மாறுகிறது. மில்லிபாருக்குப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு மாறினாலே மொத்தம் நாளுக்கு ஆயிரம் நானோ வினாடி வந்துவிடும். அதோடு ஏற்காட்டுக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஜி.பி.எஸ். பெட்டியைக் கொண்டுபோய் ஐன்ஸ்டீனைத் தேடுவதும் வீண். அது கடல்மட்ட நேரத்துக்குக் கட்டுப்பட்டது, எந்த மலையில் வைத்தாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஆகவே ரூபிடியத்தை மேலே கொண்டுபோய் எண் மாறினால் செய்ய வேண்டியது: ஓர் இரவு முழுக்கச் சூடேற விடுங்கள், அடித்தட்டின் வெப்பத்தைச் சேலத்தில் இருந்த அளவுக்கே கொண்டு வாருங்கள், வானிலை மாறி அழுத்தம் சில மில்லிபார் ஏறி இறங்கும் நாட்களின் பதிவைத் தனியே எடுத்து, அழுத்தத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். கோடு சாய்ந்து வந்தால் குப்பிதான் காரணம். எனக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் மூன்று நாள் பதிவோடு நின்றது. நான்காம் நாள் காலை மாமனார் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, அந்தப் பெட்டி ராத்திரியெல்லாம் சுட்டுக்கொண்டே இருந்தது, நான்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்" என்றார்.